அஞ்சு மணி இரைச்சல்

அந்தப் பையை மேல வெச்சிருங்க தம்பி. இந்த அட்டைப்பெட்டியை மட்டும் நான் மடியிலதான் வெச்சுக்கணும், கீழ வெச்சா ஆடும். நாப்பது வளைவு இருக்குல்ல, ஒவ்வொரு வளைவுலயும் இது உங்க விலாவுல வந்து இடிக்கும். கோச்சுக்காதீங்க.

எங்க இறங்கணும்? காட்டுமல்லி எஸ்டேட்டா? அட, நானும் அங்கதான். யார் வீட்டுக்கு? வேலைக்கா? என்ன வேலை? மஸ்டர் ஆபீஸ்ல, ஆளுங்களுக்குப் பேர் போடற எடத்துல... ஓ. செட்டுக்கா. வயர்லெஸ் செட்டுக்கு வர்ற புது ஆள் நீங்கதானா.

நல்லது. நல்லது தம்பி. எப்ப வருவாங்க எப்ப வருவாங்கன்னு பாத்துட்டிருந்தோம். மூணு மாசமா அந்த நாற்காலி காலியாத்தான் கெடக்கு. ஆபீஸ் கிளார்க் போறப்ப வர்றப்ப ஒரு காதைக் குடுத்துட்டுப் போவாரு, அவ்வளவுதான்.

நான் அங்க பேக்டரி எலெக்ட்ரீஷியன். ஞானப்பிரகாசம். ஞானம்னா எஸ்டேட்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். இருபத்திரெண்டு வருஷமாச்சு. அந்த பேக்டரில ஒரு பல்பு எரியுதுன்னா அது என் கைபட்ட பல்பு. நீங்க உக்காரப் போற ரூம்ல இருக்கற பிளக் பாயிண்ட், பேன், செட்டுக்குப் போற வயர், எல்லாம் நான் போட்டதுதான். அந்தச் செட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியணுமோ என்னைக் கேளுங்க. மத்தவங்க ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. காதுல வாங்காதீங்க.

சொல்லியிருப்பாங்களே? இல்லையா? ஒண்ணுமே சொல்லலையா?

ஆழியார் தாண்டியாச்சு. ஜன்னலைச் சாத்திருங்க, கொரங்கு கையை விடும். போன தடவை ஒரு அம்மா கையில இருந்த மாத்திரை டப்பாவைப் புடுங்கிட்டுப் போயிருச்சு. சுகர் மாத்திரை! அதுக்கு எதுக்கு அது?

இந்தப் பெட்டியா? இது டிரைவ். டீத்தூள் எப்படி வருதுன்னு தெரியுமா உங்களுக்கு? சாயந்திரம் காட்டுல இருந்து பச்சை இலை வரும். அதை நீளமான தொட்டில பரப்பி, அடியில இருந்து பெரிய விசிறி போட்டுக் காத்து விடுவாங்க. ராத்திரி பூரா வாடணும். முன்னாடியெல்லாம் அந்த விசிறிக்கு ரெண்டே வேலைதான், ஓடும், இல்லைன்னா நிக்கும். இந்த டிரைவ் வந்த பெறகு, மெதுவா ஓடு, வேகமா ஓடுன்னு வேணுங்கற மாதிரி ஓட்டலாம். கரண்ட் மிச்சம். இலையும் பதமா வாடும். ஒரு தொட்டிக்குப் போன வருஷம் போட்டோம். இது ரெண்டாவது தொட்டிக்கு. பொள்ளாச்சில லாரி ஆபீஸ்ல வந்து கெடந்துச்சு, டீ மேக்கர் ஐயா என்னைத்தான் அனுப்புனாரு. பேக்டரிக்கு அவர்தான் பெரியவர். வேற யாரையும் நம்ப மாட்டாரு.

பாருங்க, பெட்டி மேல எத்தனை முத்திரை. ரேடியோவுக்கு இடைஞ்சல் பண்ணாதுன்னு டெஸ்ட் பண்ணி, பாஸ் பண்ணி, சீல் குத்தி அனுப்பியிருக்காங்க. சட்டப்படி இருக்கு. எல்லாம் பேப்பர்ல இருக்கு தம்பி.

ரேடியோவுக்கு என்ன இடைஞ்சல்னு கேக்கறீங்களா? நல்ல கேள்வி. செட்டுக்கு வர்ற ஆளு அதைத்தான் கேக்கணும்.

இந்த மாதிரிப் பெட்டிக்குள்ள கரண்டைத் துண்டு துண்டா வெட்டி வெட்டி அனுப்புவாங்க. ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்குல வெட்டு. அந்த வெட்டு ஒவ்வொண்ணும் காத்துல ஒரு இரைச்சலைக் கிளப்பும். நம்ம காதுக்குக் கேக்காது. ரேடியோவுக்குக் கேக்கும். அதனால உள்ள ஒரு பில்டர் வெச்சிருப்பாங்க. இரைச்சலைப் புடிச்சு எர்த்து வழியா பூமிக்கு அனுப்பிரும். அந்தப் பில்டரை எர்த்தோட சேக்கறது ஒரே ஒரு ஸ்க்ரூ. சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும்.

இதுல என்ன வில்லங்கம்னா, இரைச்சலோட சேந்து கொஞ்சூண்டு கரண்டும் பூமிக்கு ஒழுகும். ஆபத்தில்லை, அது அப்படித்தான் ஒழுகணும். ஆனா எங்க பேக்டரி மெயின்ல ஒரு டிரிப்பர் இருக்கு. எங்கயாவது கரண்ட் பூமிக்கு ஒழுகுனா படக்குனு மொத்த மெயினையும் இறக்கிரும். அதுக்கு இது நல்ல ஒழுகல், இது கெட்ட ஒழுகல்னு தெரியுமா? டிரைவைப் போட்டோம், படக். மறுபடி போட்டோம், படக். தொட்டில இலை கெடக்கு, பேக்டரி இருட்டு. டீ மேக்கர் ஐயா என்னைப் பாக்கற பார்வையில எனக்கு வேர்த்துருச்சு.

டிரைவ் வித்த கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்க ஒருத்தன் சொன்னான், 'அந்த ஸ்க்ரூவைக் கழட்டிருங்கண்ணா, டிரிப் ஆகாது. அது சும்மா ரேடியோ ரூல்ஸுக்கு வெச்சது. உங்க காட்டுக்குள்ள எவன் ரேடியோ கேக்கறான்?'

சிரிச்சேன். நானும் சிரிச்சேன் தம்பி. கழட்டுனேன். டிரிப் நின்னுச்சு. விசிறி ஓடுச்சு. அன்னைக்கு டீ மேக்கர் ஐயா அவர் கையால எனக்கு ஒரு டம்ளர் டீ எடுத்துக் குடுத்தாரு.

டிரிப்பரைத் தூக்கிட்டு ஸ்க்ரூவை வெச்சிருக்கலாமேன்னு நினைக்கறீங்க. அது நடக்காது. என் உசிரு இருக்கற வரைக்கும் நடக்காது. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி குருவையான்னு ஒருத்தர், என்கூட வேலை பாத்தவரு, தண்ணி விட்டுத் தரையைக் கழுவிட்டிருந்தாரு. ஈரக் கையோட விசிறி பாடியைத் தொட்டாரு. அப்ப டிரிப்பர் கெடையாது. நான்தான் கட்டையால தட்டி எடுத்தேன். எடுக்கறதுக்குள்ள போயிட்டாரு. அதுக்கப்புறம் மல்லுக்கட்டி, எழுதிப் போட்டு, சண்டை போட்டு அந்த டிரிப்பரை வாங்கி வெச்சது நான். அதைத் தூக்குனா என் கை அழுகிரும். அதனால ரெண்டுல ஒண்ணுன்னு வந்தப்ப நான் மனுஷ உசிரைத்தான் பாத்தேன். நான் செஞ்சது தப்பா? நீங்களே சொல்லுங்க.

வேணாம், நீங்க சொல்ல வேணாம். இப்பத்தான் வர்றீங்க.

அட்டகட்டி வந்துருச்சா? குளிருதுல்ல? அங்க பனி இன்னும் சாஸ்தி. சாயந்திரம் நாலரைக்கே இறங்கிரும். பத்தடி தள்ளி நிக்கறவன் மனுஷனா மரமான்னு தெரியாது. யானைன்னாலும் தெரியாது. அதுக்குத்தானே செட்டு.

அந்தக் கதையையும் சொல்லிர்றேன், வேலைக்கு உதவும். எங்க எஸ்டேட்டைச் சுத்தி மூணு பக்கம் சோலைக்காடு. நடுவுல ஒரு சதுப்பு. யானைங்க சாயந்திரம் தண்ணிக்கு அந்தச் சதுப்புக்கு இறங்கும். நம்ம பொம்பளைங்க இலை எடுத்து நிறுத்துப் போட்டுட்டு நாங்க குடியிருக்கற லைன் வீட்டுக்குப் போற பாதையும் அதே பக்கம்தான், ஏழாம் நம்பர் தேயிலைக் காடு வழியா. ரெண்டுக்கும் ஒரே நேரம். அஞ்சு மணி.

அதனால மேட்டுல ஒரு வாச்சர் நிப்பாரு, கையில வாக்கிடாக்கி. யானை இறங்கறதைப் பாத்தா மஸ்டருக்குச் சொல்லணும். மஸ்டர்ல செட்டுல உக்காந்திருக்கற ஆள், வாசல்ல இலை நிறுக்கற எடத்துலயே பொம்பளைங்களை நிறுத்தி வெக்கணும். யானை போனதும் அனுப்பணும். அவ்வளவுதான் உங்க வேலை. கேக்கணும், நிறுத்தணும். லேசான வேலை.

வாச்சர் பேரு வெள்ளியங்கிரி. பெரிய மீசை, வாயாடி. செட்டுல பேச வேண்டியது ரெண்டு வார்த்தைன்னா இருபது வார்த்தை பேசுவாரு. 'மஸ்டர் மஸ்டர், பெரிய வீட்டுச் சம்சாரம் புள்ளையைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க'ன்னு சொல்லுவாரு. தாயும் குட்டியும் வருதுன்னு அர்த்தம். செட்டுல இருந்தது ரெஜினான்னு ஒரு பொண்ணு. அது சிரிச்சு சிரிச்சே 'ஓவர்' சொல்லும். நல்ல பொண்ணு. காது ரொம்பக் கூர். பேக்டரில பெல்ட் வழுக்குனா எனக்கு முன்னாடி அது சொல்லும்.

டிரைவ் போட்ட மறுநாள் அந்தப் பொண்ணு வந்து நிக்குது. 'அண்ணே, அஞ்சு மணிக்கு விசிறி போட்டதும் செட்டு கத்துதுண்ணே. காதைக் குடுக்க முடியல. வெள்ளியங்கிரி அண்ணன் பேசறது பாதிதான் புரியுது.'

போய்ப் பாத்தேன். ஆமா, கத்துச்சு. உஸ்ஸுன்னு, சுட்ட கல்லுல தண்ணி தெளிக்கற மாதிரி. செட்டோட ஏரியல் கம்பி பேக்டரி கூரையிலதானே இருக்கு, கத்தாம என்ன செய்யும்? செட்டுல ஒரு நாப் இருக்கு. இரைச்சல் வந்தா வாயை மூடி வெக்கறதுக்கு. வலது பக்கம் திருப்பத் திருப்பச் செட்டு அமைதியாகும். திருப்புனேன். அடங்குச்சு. பேக்டரி வாசல்ல நின்னு நான் வாக்கிடாக்கில பேசிப் பாத்தேன். கணீர்னு கேட்டுச்சு. அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு சந்தோஷம். 'எங்க ஞானம் அண்ணன் இருக்கறப்ப எனக்கென்ன'ன்னு சொல்லுச்சு.

தூரத்துல இருந்து வர்ற குரல் சன்னமாத்தான் வரும், அந்த நாப் இரைச்சலோட சேத்து அதோட வாயையும் மூடிரும்னு எனக்குத் தெரியாதான்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல. சரி. நீங்க கேக்கல.

வெள்ளியங்கிரி ரெண்டு வாரத்துல வந்துட்டாரு சண்டைக்கு. 'ஏனுங் ஞானம், சாயந்திரமானா மஸ்டர்ல ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கறாங்க. நான் கரடு மேல நின்னு காக்கா மாதிரிக் கத்திக்கிட்டிருக்கறேன்.' நான் சொன்னேன், 'உங்க பேட்டரி செத்துருச்சுங்க, சார்ஜ் போடுங்க.' அவரு சார்ஜ் போட்டாரு. மறுபடி வந்தாரு. நான் மறுபடி பேட்டரின்னேன். மனுஷன் சும்மா விடல. யாரையோ புடிச்சு மனு எழுதி, வயர்லெஸ் கண்காணிக்கற ஆபீஸுக்கு அனுப்பிட்டாரு. இந்த நாட்டுல எந்த மிஷினும் இவ்வளவுக்கு மேல ரேடியோ இரைச்சல் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு தம்பி. அதைப் பாக்கறதுக்குன்னே ஆபீஸ் இருக்கு. அங்க இருந்து ஒரு மேடம் வர்றாங்கன்னு கடுதாசி வந்துச்சு.

டீ மேக்கர் ஐயா கூப்பிட்டாரு. 'ஞானம், மேடம் வந்து போற வரைக்கும் எல்லாம் சட்டப்படி இருக்கட்டும்'னாரு. ஸ்க்ரூன்னு அவர் வாயில வரல. அவருக்கு ஸ்க்ரூன்னா என்னன்னே தெரியாது.

அன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஸ்க்ரூவைப் போட்டேன். டிரிப்பரைத் தாண்டி ஒரு வயர் போட்டேன். போட்டுட்டு, தரையில ஒரு சொட்டுத் தண்ணி விழாம, ஒரு ஆள் விசிறிப் பக்கம் வராம, காலையில இருந்து கையைக் கட்டிட்டுக் காவல் நின்னேன். குருவையா நினைப்பாவே இருந்துச்சு. மேடம் மீன் முள்ளு மாதிரி ஒரு ஏரியலைக் கையில வெச்சுக்கிட்டு பேக்டரியைச் சுத்துனாங்க. மஸ்டருக்குப் போனாங்க. செட்டு நாப்பை அவங்க கையாலயே இடது பக்கம் கடைசி வரைக்கும் திருப்புனாங்க. விசிறி ஓடிக்கிட்டிருக்கு. லேசா ஒரு தூறல் சத்தம், அவ்வளவுதான். வெள்ளியங்கிரி மேட்டுல இருந்து பேசுனாரு. பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரி இருந்துச்சு. அவருக்கே ஆச்சரியம். 'அட, இன்னைக்கு எடுக்குதே!'ன்னு சொன்னது எனக்கு இன்னும் கேக்குது.

மேடம் என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. 'எப்பவும் இப்படித்தான் ஓடுதா?'

'ஆமாங்க மேடம்'னேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, 'சில எடத்துல டிரிப்பர் தொல்லை குடுக்கும். அதுக்குன்னு தனியா வேற டிரிப்பர் இருக்கு. கேபிளுக்குக் கவசம் போட்டா இரைச்சல் இன்னும் கொறையும். ரெண்டையும் சேத்தே வெச்சுக்கலாம், ஒண்ணை விட்டாத்தான் ஒண்ணுன்னு இல்லை. ஏதாவதுன்னா கூப்பிடுங்க'ன்னு கார்டு குடுத்தாங்க. பர்ஸ்ல இருக்கு, இதோ. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா, ஏன்யா இப்பக் கேக்கறேன்னு கேப்பாங்கல்ல? இன்னைக்கு இருக்கறபடி இரைச்சல் அளவுக்குள்ள இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அது மஸ்டர்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. உங்க தலைக்கு நேர் மேல. பேப்பர்ல இருக்கு தம்பி.

மறுநாள் அந்த வயரை எடுத்துட்டு டிரிப்பரை மறுபடி வேலைக்கு விட்டேன். அப்ப ஸ்க்ரூ இருக்க முடியாதுல்ல? கழட்டிச் சட்டைப் பையில போட்டேன். செட்டு கத்துச்சு. நாப்பைத் திருப்புனேன். இந்தத் தடவை யாரும் மாத்தி வெக்கக் கூடாதேன்னு, ரெஜினாகிட்ட நகத்துக்குப் போடற சிவப்பு பாலீஷ் வாங்கி, நாப்புக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வெச்சேன். 'இந்தப் புள்ளியில நிக்கணும் பாப்பா, அசையக் கூடாது'ன்னேன். அதுவும் தலையாட்டிட்டு, மிச்ச பாலீஷைக் கட்டை விரல் நகத்துல பூசிக்கிச்சு.

முன்னாடி உக்காந்திருக்கற அம்மா வாந்தி எடுக்கறாங்க போல. எலுமிச்சம்பழம் இருக்கா உங்ககிட்ட? வேணாம், யாரோ குடுத்துட்டாங்க. எத்தனாவது வளைவு இது? போர்டு பனியில தெரிய மாட்டேங்குது.

அப்புறம் என்ன. ஐப்பசி மாசம். இன்னைக்கு மாதிரியே பனி. அஞ்சு மணி இருக்கும், விசிறி போட்டு அஞ்சு நிமிஷம். வெள்ளியங்கிரி மேட்டுல இருந்து பாத்திருக்காரு. தாயும் குட்டியும், சதுப்புக்கு இல்லை, நேரா ஏழாம் நம்பர் பாதைக்கு. கூப்பிட்டிருக்காரு. 'மஸ்டர் மஸ்டர், பொம்பளைங்களை அனுப்பாதீங்க.' வேற ஒண்ணும் பேசல அன்னைக்கு. சம்சாரம், பெரிய வீடு, ஒண்ணுமில்லை. அதையே திருப்பித் திருப்பி. செட்டு அமைதியா இருந்துச்சு. ரெஜினா செட்டுக்கு முன்னாடிதான் உக்காந்திருக்கு, நோட்டுல பேரை எழுதிக்கிட்டு. மணி பாத்துச்சு. தகவல் ஒண்ணும் இல்லையேன்னு, கெளம்புங்கன்னு அனுப்பிருச்சு. பதினோரு பேரு.

பதினோராவது ஆளு என் வீட்டுக்காரி. செல்வராணி.

பதில் வரலைன்னதும் வெள்ளியங்கிரி மேட்டுல இருந்து ஓடி வந்திருக்காரு. பாதை வழியா இல்லை, செடி மேலயே விழுந்து பொரண்டு, வாக்கிடாக்கில அதையே கத்திக்கிட்டு. பொம்பளைங்க காதால கேட்டிருக்காங்க. பொம்பளைங்களுக்கும் யானைக்கும் நடுவுல வந்து ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னாராம். 'திரும்பி ஓடுங்க தாயீ'ன்னாராம். அவங்க ஓடிட்டாங்க. என் வீட்டுக்காரிக்கு முட்டி வலி, ஓட முடியல, கடைசியா வந்தா. அவ திரும்பிப் பாத்திருக்கா. அவ மட்டும்தான் பாத்தா. அவர் கையில வாக்கிடாக்கி இருந்துச்சாம். கட்டை விரல் பட்டனை அமுக்கினபடியே இருந்துச்சாம், எல்லாம் முடிஞ்ச பெறகும்.

எனக்கு அழுகையே வரல தம்பி. இப்பவும் வரல. அது ஏன்னு தெரியல.

விசாரணை வெச்சாங்க. என்னையும் கேட்டாங்க. பேட்டரியா இருக்கும்னு சொன்னேன். வாக்கிடாக்கியை எடுத்துப் பாத்தாங்க. மேலெல்லாம் சேறு, ஆனா பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. மஸ்டர் வாசல்லயே நின்னு பேசிப் பாத்தாங்க. நல்லாக் கேட்டுச்சு. அப்ப காலையில பதினோரு மணி. விசிறி ஓடாத நேரம். சொவத்துல மேடம் குடுத்த பேப்பரைப் பாத்தாங்க. இரைச்சல் இல்லைன்னு இருக்கு. செட்டு நல்லாருக்கு, பேட்டரி நல்லாருக்கு, பேப்பர் நல்லாருக்கு. அப்ப என்ன பாக்கி? செட்டுக்கு முன்னாடி உக்காந்திருந்த பொண்ணுதானே. செல்போன் பாத்துட்டிருந்திருக்கும்னு ஒருத்தர் சொன்னாரு. தூங்கியிருக்கும்னு ஒருத்தர். அந்தப் பொண்ணு, 'சாமி சத்தியமா ஒரு சத்தமும் வரலைங்க'ன்னுது. அதேதான் திருப்பித் திருப்பி. அப்படிச் சொல்றப்ப என்னைத்தான் பாத்துச்சு. குத்தமா இல்லை தம்பி. அண்ணன் நமக்காகச் சொல்லுவாருன்னு பாத்துச்சு.

நான் தரையைப் பாத்தேன். ஈரமா இருந்துச்சு.

அந்தப் பொண்ணை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. திருப்பூருக்குப் போகுதுன்னாங்க. போறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரி மடியில படுத்து அழுதுச்சு. எல்லாத்தையும் சொல்லியிருக்கு. கத்துனது, அண்ணன் வந்து சரி பண்ணுனது, சிவப்புப் புள்ளி, எல்லாம். குத்தமாச் சொல்லல, நன்றியாத்தான் சொல்லியிருக்கு. நான் வேலை முடிஞ்சு வந்தேன். அவ என் சட்டையைத் துவைக்க எடுத்திருந்தா. பையில இருந்த ஸ்க்ரூ அவ உள்ளங்கையில இருக்கு.

'எந்த நாள்ல இருந்து கத்துச்சு?'ன்னா.

'எது?'ன்னேன்.

'இது எதோடது?'ன்னா.

'பேக்டரியோடது. எல்லாம் சட்டப்படி இருக்கு, பேப்பர்ல இருக்கு'ன்னேன்.

அவ உள்ள போனா. மாதா படத்துக்கு முன்னாடி, மெழுகுவத்தி நிக்கற தட்டுல அந்த ஸ்க்ரூவை வெச்சா. இன்னும் அங்கதான் இருக்கு. தெனம் ஜெபம் பண்ண முட்டி போட்டா என் கண்ணுக்கு நேரா. மாதா தெரியல தம்பி, அதுதான் தெரியுது. எடுத்துத் தூர எறியலாம். எறிஞ்சா அவ கேப்பா. கேட்டாலாவது பரவாயில்லை. மூணு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை இல்லை. சோறு போடறா, துணி துவைக்கறா. ஒரு வார்த்தை இல்லை. என் மேல என்ன தப்பு? கரண்ட் அடிச்சு ஒருத்தரும் சாகக் கூடாதுன்னு பாத்தது தப்பா?

இப்ப அவ என்ன பண்றா தெரியுமா? வேலைக்குப் போறப்ப ஒரு அலுமினியத் தட்டும் கரண்டியும் கூடையில போட்டுக்கறா. அஞ்சு மணிக்குப் பாதையில இறங்குனதும் முன்னாடி நடந்து டங்கு டங்குன்னு தட்டிக்கிட்டே போறா. மத்தப் பொம்பளைங்க பின்னாடி. செட்டு இருக்கு, புது வாச்சர் இருக்காரு, கிளார்க் இருக்காரு. எதையும் நம்பறதில்லை. தட்டு. நான் பேக்டரி வாசல்ல வந்து நின்னு கேப்பேன். விசிறிச் சத்தத்தையும் தாண்டிக் கேக்கும். மேலேருந்து கீழே இறங்கும், சதுப்பைத் தாண்டும், லைன் வீட்டுக்கிட்ட போய் நிக்கும். நின்ன பெறகுதான் எனக்கு மூச்சு வரும். ஒரு நாள்கூடத் தவறுனதில்லை.

மேடத்துக்குப் போன் பண்ணலாம்னு சொல்றீங்களா? பண்ணலாம். ரெண்டு தடவை நம்பரை அமுக்கிட்டேன். ரிங் போச்சுன்னதும் வெச்சுட்டேன். ரெண்டாவது பெட்டியும் வந்துருச்சு. இதுலயும் ஒரு ஸ்க்ரூ இருக்கும். நாளைக்கு மாட்டணும். அதையும் கழட்டுனா எங்க வெக்கறதுன்னு இன்னைக்கு லாரி ஆபீஸ்ல நின்னப்ப நினைச்சேன். சிரிப்பு வந்துச்சு.

நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. உங்க செட்டு கத்தாது. ரொம்ப அமைதியா இருக்கும். அந்த நாப்பை மட்டும் தொடாதீங்க. சிவப்புப் புள்ளி இருக்கும், அதுலயே நிக்கட்டும். நான் வெச்ச எடம்.

வந்தாச்சு, இதான் நம்ம ஸ்டாப். பாத்து எறங்குங்க, படி வழுக்கும். பையை எடுத்துக்கிட்டீங்களா? அந்தா மஞ்சள் வெளிச்சம் தெரியுது பாருங்க, அதுதான் மஸ்டர். இது பேக்டரி. விசிறி போட்டுட்டாங்க, கேக்குதுல்ல? மணி என்ன? அஞ்சு பத்தா.

கொஞ்சம் இருங்க.

பஸ்ஸு போகட்டும், சத்தம் அடங்கட்டும்.

உங்களுக்குக் கேக்குதா தம்பி? சின்ன வயசு, உங்க காது நல்லா இருக்கும். அந்தப் பக்கம், கீழ, பனிக்குள்ள. தட்டுச் சத்தம் மாதிரி ஏதாவது? டங்கு டங்குன்னு. அஞ்சு பத்துக்குச் சதுப்புக்கிட்ட இருக்கணும். இங்க நின்னா எப்பவும் கேக்கும். இந்த எடத்துல நின்னா எப்பவும் கேக்கும்.

கேக்கலையா?

நல்லாக் கேளுங்க.

தம்பி, அந்த மஸ்டருக்கு ஓடுங்க. கிளார்க்கைக் கேக்காதீங்க, யாரையும் கேக்காதீங்க. செட்டுல நாப்பு, சிவப்புப் புள்ளி. அதை விட்டு இடது பக்கம் திருப்புங்க. கடைசி வரைக்கும் திருப்புங்க. கத்தும். கத்தட்டும். காதைப் பொத்தாதீங்க, அதுக்குள்ள யாராவது கூப்பிடறாங்களான்னு கேளுங்க. புது வாச்சர் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருப்பாரு. நான் பேக்டரி மெயினை இறக்கறேன், செட்டுக்கு லைன் தனி. விசிறி நின்னா கேக்கும். இந்தப் பெட்டி கெடக்கட்டும் இங்கயே, கீழ போடறேன். செல்வராணி! ஏ செல்வராணி! ஓடுங்க தம்பி, நிக்காதீங்க, ஓடுங்க.